கூட வந்தானா, பின்னால் வந்தானா?

கொலைக் குற்றச்சாட்டுக்கு ஜாமீன் கிடையாது. இதைச் சொல்லி முடிக்க வக்கீலுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. கேட்டுக்கொண்ட நொராயினுக்கு அரை நாள் ஆகியும் அது மண்டைக்குள் இறங்கவில்லை. "நாளைக்குக் காலையில ஒன்பது மணி, மஜிஸ்திரேட் கோர்ட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, யாரும் கேட்காத மீ கோரெங் நூடுல்ஸைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

ஈப்போவின் அந்தத் தனியார் கல்லூரி கேன்டீனில் பகல் பன்னிரண்டரை மணிக்கு ஈ நுழைய இடம் இருக்காது. அன்றும் இல்லை. ஆனால் எல்லோரும் பக்கத்துக் கடை வரிசையில் நின்றார்கள். கொலைகாரன் பெண்டாட்டி கையால் சாப்பிட ஒருவருக்கும் மனசில்லை.

பல்ஜீத் சிங் மட்டும் இரண்டாவது தட்டையும் வழித்துவிட்டார்.

"இன்னொரு தட்டு போடு லா, நொராயின். உன் கடைக்கு ஆள் வரலேன்னு யாரு சொன்னா? நான் ஒருத்தன் பத்துப் பேருக்குச் சமம். வயித்தப் பாரு."

நொராயின் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மேடம் ஃபூங்கும் சிரிக்கவில்லை. அவர் சிரித்து பல்ஜீத் பார்த்தது முப்பது வருடத்தில் நாலு தடவை இருக்கும். அதில் ஒன்று பல் வைத்தியர் கொடுத்த மயக்க மருந்தால் வந்தது.

ஃபூங் சியூ லான் முப்பத்தோரு வருடம் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். கான்டனீஸ், மலாய், ஆங்கிலம், அவசரத்துக்குத் தமிழ். பல்ஜீத் அதே கோர்ட்டில் டவாலி. பெயர் கூப்பிட்டால் எதிர்ச்சாரி காப்பிக்கடையில் இருப்பவன்கூட எழுந்து நிற்பான். ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் சேர்ந்து பழைய டவுனில் ஒரு மாடி அறை எடுத்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டார்கள். ஓடிப்போன மருமகள், சந்தேகமான உயில், இப்படித்தான் வரும். கொலை என்று வந்தது இதுதான் முதல் தடவை.

செத்தவள் ஃபிலிப்பா ஹார்லோ. இங்கிலாந்துக்காரி. வயது ஐம்பத்திரண்டு. மூன்று வருடமாக இந்தக் கல்லூரியில் நாடகம் சொல்லிக் கொடுத்தவள். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு, பத்து காஜா என்ற ஊரில் இருக்கும் மண்டபத்துக்கு ஒத்திகைக்காகக் காரில் கிளம்பினாள். மறுநாள் காலை அந்தக் கார் மண்டபத்துக்குப் பத்து நிமிட நடைதூரத்தில், பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குள் கிடந்தது. அவளும் உள்ளே இருந்தாள். தலையில் அடித்துவிட்டு, பிறகு காரைத் தண்ணீருக்குள் உருட்டிவிட்டிருக்கிறார்கள் என்றது போலீஸ்.

யார் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. ஏழு பதினொன்றுக்கு அவள் கைப்பேசியிலிருந்து கல்லூரிப் பதிவாளர் டேரன் ஓய்க்கு ஒரு செய்தி போயிருந்தது: ரோஸ்லி இஸ் ஃபாலோயிங் மை கார்.

ரோஸ்லி கல்லூரி வேன் ஓட்டுநர், நொராயினின் புருஷன். வேனை வேகமாக ஓட்டுகிறான் என்று ஒரு மாதம் முன்பு மிஸ் ஹார்லோ அவன் மேல் எழுதிக் கொடுத்திருந்தாள். வெள்ளி மாலை வீட்டில்தான் இருந்தேன் என்றான். சாட்சி யாரும் இல்லை. நொராயின் கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போயிருந்தாள். ஃபாலோ என்றால் கூட உட்கார்ந்து வருவது என்று ஈப்போவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். 'உன் காரில் நானும் ஃபாலோ பண்ணட்டுமா' என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே யாரும் அடுத்தவர் காரில், ஊர்ப் பேச்சில் காடியில், ஏறுவார்கள். ஆக, காரில் அவளோடு போனவன் ரோஸ்லி. இன்ஸ்பெக்டர் அஸாரி அன்றைக்கே விலங்கு மாட்டிவிட்டார்.

பல்ஜீத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"மேடம், எனக்கு ஒண்ணு தோணுது. சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு. அப்புறம் முடிவு பண்றேன்."

"அந்தம்மா வெள்ளைக்காரி. அவங்க ஊர் இங்கிலீஷ்ல ஃபாலோன்னா பின்னால வர்றது. ரோஸ்லி காடிக்குள்ள இல்ல, பின்னாடி மோட்டோர் சைக்கிள்ல வந்தான்னுதான் எழுதியிருக்காங்க. கேஸ் புஸ்ஸுன்னு போச்சு. வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"போலாம். போய் என்ன சொல்லுவ?"

"ரோஸ்லி காடிக்குள்ள இல்லேன்னு."

"அப்ப மோட்டோர்ல வந்தானான்னு அஸாரி கேப்பாரு. வீட்டுலதான இருந்தேன்னு சொன்னான், இப்பப் பின்னாலயே வந்திருக்கானேம்பாரு. வழிமறிச்சு அடிச்சிருக்கான்னு எழுதிக்குவாரு."

கூட வந்தான் என்றால் ரோஸ்லி கொலைகாரன். பின்னால் வந்தான் என்றால் பொய்யனும் கொலைகாரனும். ஒரே சொல், இரண்டு பக்கமும் கயிறு.

"எனக்கு இந்த வார்த்தையத் தெரியும்" என்றார் ஃபூங், மெதுவாக. "எண்பத்தொன்பதுல ஒரு கேஸ். ஒரு தோட்டத்துப் பொண்ணு மலாய்ல சாட்சி சொன்னா, 'டியா இக்குட் சாயா'ன்னு. அவன் என்கூட வந்தான்னு சொன்னா. நான் அவசரத்துல, இங்கிலீஷ்ல 'ஹி ஃபாலோட் மீ'ன்னு சொல்லிட்டேன். ஜட்ஜு இங்கிலாந்துல படிச்சவரு. அவன் திருட்டுத்தனமா அவ பின்னாடியே போயிருக்கான்னு எடுத்துக்கிட்டாரு. ஏழு வருஷம் போட்டுட்டாரு."

"அப்பீல் பண்ணலயா?"

"அஞ்சாவது வருஷம் உள்ளயே செத்துட்டான்."

பல்ஜீத்துக்கு இது புதிது. அத்தனை வருடம் ஒரே கோர்ட்டில் இருந்தும் இதை அவர் கேட்டதில்லை. தன் தண்ணீர்க் கோப்பையை ஃபூங் பக்கம் நகர்த்தினார்.

ஃபூங் திரும்பி நொராயினைப் பார்த்தார். "மிஸ் ஹார்லோ நம்ம ஊர்ப் பேச்சுக்குப் பழகிட்டாங்களா? நம்ம மாதிரியே ஃபாலோன்னு பேசுவாங்களா?"

"அவங்களா?" நொராயினின் கரண்டி நின்றது. நாலு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. "அந்த ஒரு வார்த்தையால காலேஜே சிரிச்சுச்சு மேடம். ரெண்டு வருஷம் இருக்கும். கோலாலம்பூர்ல ஒரு மீட்டிங். மிஸ்டர் ஓய் மிஸ்கிட்ட, நானும் உங்கள ஃபாலோ பண்ணவான்னு கேட்டிருக்காரு. அதுக்கென்ன, தாராளமான்னாங்களாம். காலையில ஆறு மணிக்கு நான் கடை தெறக்க வர்றேன், அவரு கேட் பக்கத்துல பையோட நிக்கிறாரு. கையில ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு. அவங்களுக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு. மிஸ் வந்தாங்க, கண்ணாடிய எறக்கி டாட்டா காட்டினாங்க, சர்ருன்னு போயிட்டாங்க!"

"அப்படியே வுட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்றார் பல்ஜீத்.

"இவரு காடி பின்னால வருதுன்னு நெனச்சுட்டாங்க. வழியில தாப்பாவுல நிறுத்தி ஒரு மணி நேரம் காத்துக்கிட்டிருந்தாங்களாம். இவரு இங்கயே நின்னுகிட்டிருந்தாரு. ஒரு மாசத்துக்குப் பசங்க அவரப் பாத்தாலே, 'சார், ஃபாலோ?'ம்பாங்க. கேன்டீன் பக்கமே வரல மனுஷன். அதுக்கப்புறந்தான் மிஸ், ஸ்டாஃப் ரூம் செவத்துல ஒரு லிஸ்டு ஒட்டினாங்க. நம்ம ஆளுங்க மாத்திப் பேசற இங்கிலீஷ் வார்த்தையெல்லாம். முதல் வார்த்தையே அதுதான்."

ஃபூங் எழுந்துவிட்டார். கைப்பையை எடுத்துக்கொண்டே இன்ஸ்பெக்டர் அஸாரிக்கு போன் போட்டார். "பத்து நிமிஷம் குடுங்க போதும். எனக்குக் கடன்பட்டிருக்கீங்க, தெரியுமில்ல? உங்க எத்தனை சாட்சிங்க உளறினதை நான் மனுஷ பாஷையா மாத்தியிருக்கேன்."

மூன்று மணிக்குப் பதிவாளர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். டேரன் ஓய்க்கு நாற்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, தணிந்த பேச்சு. எல்லோருக்கும் தண்ணீர் போத்தல் வைத்தான். இன்ஸ்பெக்டர் அஸாரி கடிகாரத்தைப் பார்த்தபடி கதவோரம் நின்றார். பல்ஜீத் கிடைத்த நாற்காலியில் உட்கார, அது முனகியது.

"மெசேஜ் வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க, மிஸ்டர் ஓய்?" என்றார் ஃபூங்.

"பத்து காஜா மண்டபத்துல, மேடம். இங்கேருந்து அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன். கேட்டுல புஸ்தகத்துல எழுதியிருக்கு, பாருங்க."

"பாத்தாச்சு. மெசேஜப் படிச்சதும் என்ன நெனச்சீங்க?"

"ரோஸ்லி அவங்க காடியில கூட வர்றான்னுதான். போலீஸ்லயும் அதையேதான் எழுதிக் குடுத்தேன்."

"காடிக்குள்ள உட்கார்ந்து?"

"வேற எப்படி?"

ஃபூங் தலையை ஆட்டினார். "ஃபாலோன்னா பின்னால வர்றது. ஃபாலோன்னா புரியறது. டாக்டர் சொன்னபடி கேட்டு நடக்கறதும் ஃபாலோ. பிள்ளைங்க போன்ல பாட்டுக்காரங்கள ஃபாலோ பண்ணுதுங்க. நம்ம ஊர்ல மட்டும், பக்கத்துல ஏறி உட்கார்ந்து வர்றது."

"அஞ்சு வேலை பாக்குது, சம்பளம் ஒண்ணுதான்" என்றார் பல்ஜீத். "என்னைப் போல."

ஃபூங் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓய் பக்கம் திரும்பினார்.

"இன்ஸ்பெக்டர் அதக் கூட வர்றதுன்னு படிச்சாரு. தப்பில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் படிப்பேன். இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளு மட்டும் அப்படிப் படிச்சிருக்கவே முடியாது, மிஸ்டர் ஓய். ரெண்டு பொட்டலம் நாசி லெமாக்கோட கேட்டுல நின்ன ஆளு."

டேரன் ஓயின் காதுமடல் சிவந்தது. இரண்டு வருடம் கழித்தும் அந்தக் காலை நேரம் அவனுக்கு ஆறவில்லை என்பதை பல்ஜீத் கண்ணால் பார்த்தார். கதவோரத்தில் அஸாரி கடிகாரத்தை விட்டுவிட்டு அவனைப் பார்க்கத் தொடங்கினார்.

"அது அப்போ" என்றான் டேரன். "அப்புறம் அவங்களும் நம்ம மாதிரிப் பேசக் கத்துக்கிட்டாங்க."

"ஸ்டாஃப் ரூம் செவத்துல லிஸ்டு இன்னும் இருக்கு. போன ஜனவரியில புதுசா எழுதி ஒட்டியிருக்காங்க. முதல் வார்த்தை மாறல."

"சரி. அப்ப பின்னாலன்னே வச்சுக்குங்களேன்!" அவன் குரல் கொஞ்சம் ஏறியது. "ரோஸ்லி மோட்டோர்ல பின்னால வந்து வழிமறிச்சிருப்பான். எனக்கென்ன தெரியும்? எப்படிப் பாத்தாலும் அவன்தான?"

மத்தியானம் எதற்குப் பயந்தார்களோ, அதையே இவன் எடுத்துப் போட்டுவிட்டான். கதவோரத்தில் அஸாரியும் தலையை ஆட்டினார். கீழே கேன்டீனில் ஒருத்தி ஒன்பது மணி, ஒன்பது மணி என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஃபூங் மட்டும் அசரவில்லை. தோற்றுப்போனவர் போலப் பெருமூச்சு விட்டார்.

"நீங்க சொல்றதும் சரிதான். மோட்டோர்ல வந்திருக்கலாம். இல்லேன்னா காடியில ஏறி, மரியாதையா பின் சீட்டுல உட்கார்ந்து வந்திருக்கலாம். கல்யாணமான மலாய்க்கார ஆளு, அந்நியப் பொம்பளைக்குப் பக்கத்துல உட்காரக் கூச்சப்பட்டிருப்பான்."

"பின் சீட்டுல எங்க இடம் இருந்துச்சு?" என்றான் டேரன் சட்டென்று. "நாடக உடுப்பு மூட்டையே கூரை வரைக்கும்..."

அவன் நிறுத்திக்கொண்டான். போத்தலை எடுத்து மூடியைத் திருகினான். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"உடுப்ப தையல்காரர் கொண்டாந்தது ஆறு மணிக்கு" என்றார் ஃபூங். "அவரும் மிஸ்ஸும் சேர்ந்து பின் சீட்டுல ஏத்தினாங்க. நீங்கதான் அஞ்சு மணிக்கே போயிட்டீங்களே."

"குட்டையிலேருந்து காடிய வெளிய எடுத்தப்பப் பாத்தேன்."

அஸாரி கதவைச் சாத்தினார். "காடிய வெளிய எடுத்தப்ப பின் கதவு தெறந்து கெடந்துச்சு, மிஸ்டர் ஓய். உடுப்பு ஒண்ணுகூட உள்ள இல்ல. நேத்துதான் குட்டை அடியிலேருந்து மூட்டைய எடுத்தோம். யாருக்கும் காட்டல. இங்க வர்ற வழியில மேடத்துக்கு மட்டும்தான் சொன்னேன்."

டேரன் போத்தலை மேசையில் வைத்தான்.

"உங்க காடிய மண்டபத்துல வுட்டுட்டு வாடகைக் காடி புடிச்சுத் திரும்பி வந்திருக்கீங்க" என்றார் ஃபூங். "போன்ல கூப்பிட்டிருந்தா அதுலயே பதிவு இருக்கும். அப்புறம் அவங்ககூட ஏறிப் போயிருக்கீங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு அவங்க போன எடுத்து, உங்களுக்கே மெசேஜ் அனுப்பிக்கிட்டீங்க. ரெண்டு வருஷமா உங்கள அழவச்ச வார்த்தை. ஆனா கை நடுங்கும்போது மனுஷன் அவனவன் ஊர்ப் பேச்சுலதான் எழுதுவான்."

டேரன் ஓய் மேசையைப் பார்த்தபடி இருந்தான். பரீட்சைத் தாளை முன்கூட்டியே வெளியே விட்டதை அவள் கண்டுபிடித்துவிட்டாள், திங்கட்கிழமை முதல்வரிடம் சொல்லிவிடுவேன் என்றாள், வழியில் பேசிக் கெஞ்சலாம் என்றுதான் ஏறினேன் என்றெல்லாம் அரை அரையாகச் சொன்னான். அப்புறம் நிமிர்ந்து, உண்மையிலேயே மனம் நொந்தவன் போல ஒன்று சொன்னான்.

"அந்த மெசேஜத் தப்பே இல்லாமத்தான் எழுதினேன். அந்தம்மா திருத்தறதுக்கு ஒண்ணுமே இல்லாம."

ரோஸ்லியை வெளியே விட மாலை ஆறு மணி ஆனது. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் நொராயின் ஒரு பக்கம், பல்ஜீத் வாங்கி வந்த தே தாரிக் தேநீர்ப் பொட்டலங்கள் ஒரு பக்கம். ரோஸ்லி இடுப்பு வாரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். நாலே நாளில் பத்து வயது கூடியிருந்தான். நொராயின் அவன் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். பல்ஜீத்தும் தாடியைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு இந்த மனிதன் தன் வீட்டில் பசியாறுவான். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஒண்ணு யார்கிட்டயும் சொல்லல, மேடம்" என்றான் ரோஸ்லி. "சொன்னா இன்னும் மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன். அன்னிக்கு அஞ்சரை மணிக்கு மிஸ் வேன்கிட்ட வந்தாங்க. என்னைக் கூப்பிட்டாங்க."

ஃபூங்கின் முகம் மாறியது. "இப்ப வேணாம், ரோஸ்லி. வீட்டுக்குப் போ. குளிச்சுட்டுத் தூங்கு."

"இல்ல மேடம், மனசுல வச்சுக்க முடியல. இன்னிக்கு என்னை ஃபாலோ பண்ண முடியுமான்னு கேட்டாங்க. நான் முடியாதுன்னுட்டேன். மக்ரிப் தொழுகை நேரத்துல ஒரு பொம்பளைகூட ஒரே காடியில தனியா போனா ஊரு என்ன பேசும்? அவங்களுக்கும் கெட்ட பேருதான? சரி, பரவால்லேன்னுட்டுப் போயிட்டாங்க."

"நீங்க சொன்னதுதான் சரி" என்றாள் நொராயின்.

"வா, பல்ஜீத். கிளம்பலாம்" என்றார் ஃபூங்.

ஆனால் பல்ஜீத்துக்கு அன்றைய வெற்றி தலைக்கு ஏறியிருந்தது. சொல்ல ஒரு நல்ல கதையும் கேட்க ஆளும் கிடைத்தால் அவரை யாராலும் நிறுத்த முடியாது.

"அட, அதாம்ப்பா விஷயமே! ஒரே காடியாவது, பக்கத்துலயாவது! வெள்ளைக்காரங்க இங்கிலீஷ்ல ஃபாலோன்னா கூட ஏறி உட்கார்றது இல்ல. நீ உன் மோட்டோர்ல பின்னாலயே போறது! அந்த ஒரு வார்த்தைதான்யா இன்னிக்கு உன்னை வெளிய கொண்டாந்துச்சு!"

சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார். ஃபூங் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தபோது சிரிப்பு பாதியில் இருந்தது. அப்போதுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

ரோஸ்லி பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"பின்னாலயா, அண்ணே?"

பல்ஜீத் ஃபூங்கின் பக்கம் திரும்பினார்.

"மிஸ் பயந்துக்கிட்டு இருந்தாங்களா?" ரோஸ்லி ஃபூங்கைப் பார்த்தான். "மேடம், நீங்க கோர்ட்டுல மொழிபெயர்க்கறவங்கதான? அவங்க கேட்டத அப்படியே சொல்றேன். அர்த்தம் சொல்லுங்க. 'கேன் யூ ஃபாலோ மீ திஸ் ஈவ்னிங், ரோஸ்லி? ப்ளீஸ்.' இப்படித்தான் கேட்டாங்க. ப்ளீஸ்னாங்க."

பொய் சொல்லிவிடுங்கள் என்று பல்ஜீத் மனசுக்குள் கெஞ்சினார். வேறு ஏதாவது சொல்லிவிடுங்கள், மேடம், இவனுக்கு என்ன தெரியப்போகிறது. ஃபூங் கோர்ட்டில் பேசும் அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"இன்னிக்குச் சாயங்காலம் என் பின்னால வர முடியுமா, ரோஸ்லி? தயவு செஞ்சு."

ரோஸ்லி தலையாட்டிக்கொண்டான். நொராயின் அவன் தோளைத் தொட்டாள். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என் மோட்டோர் நல்லாத்தான் இருந்துச்சு, மேடம்" என்றான். "அன்னிக்குத்தான் எண்ணெய் ஊத்தி வச்சிருந்தேன். வீட்டுல சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்."